கடைச் சுவரில் என் கடிதம்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். இங்கே நானும் என் வீட்டு டீச்சரும் சௌக்கியம். உன் கால் எப்படி இருக்கிறது? மூன்று மாடி ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் உட்காருகிறாயாமே. உன் பெண், என் மருமகள், டீச்சரிடம் போனில் சொல்லியிருக்கிறாள். என்னிடம் சொன்னால் பாடம் எடுப்பேன் என்று பயம் போலிருக்கிறது. எடுக்கத்தான் போகிறேன், உட்கார்ந்து கேள்.

போனை நான் விட்டுவிட்டேன். அதில் நீ "சரிடா, சரிடா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது அல்லவா?

கடை திறந்து நாற்பது நாள் ஆகிறது. பெயர் பத்து மைல் கடை. பத்து மைலுக்கு அப்பால் விளைந்த எதுவும் படியேறாது. பாக்கெட், டப்பா, தீட்டிய அரிசி, எதுவும் கிடையாது. வாசலில் கரும்பலகை வைத்து தினமும் எழுதுகிறேன்: "பீட்ரூட், மூன்று மைல், கிணற்றடித் தோட்டம். முட்டை, ஒன்றரை மைல், தபால்காரர் வீட்டுக் கோழி." நேற்று மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒருவர் சில்லறை மாற்ற வந்தவர். தெருவில் எனக்குத் தழைதின்னி என்று பட்டம் கட்டியிருக்கிறார்கள். ஆட்டுக்கும் உனக்கும் என்ன வித்தியாசம் என்று சலூன்காரர் கேட்டார். ஆட்டுக்குச் சர்க்கரை வியாதி கிடையாது என்றேன்.

சிரிக்காதே. பன்னிரண்டு வருடம் பார்சல் ஆபீஸ் ஜன்னலில் உட்கார்ந்து பிஸ்கட்டாகத் தின்று சர்க்கரை முந்நூறைத் தாண்டியவன் நான். இந்தக் கீரையும் கிழங்கும் முழுத் தானியமும் தின்றுதான் நூற்றிருபதுக்கு வந்தேன். டாக்டரே மாத்திரையைப் பாதியாக்கினார். இது கதை இல்லை, உடம்பில் நடந்தது.

நீ இருநூறு மைல் தள்ளி இருக்கிறாய். உனக்காக மட்டும் என் சட்டத்தை மீறுகிறேன். பழைய ஆபீஸ் லாரி வியாழன்தோறும் உன் தெரு வழியாகப் போகிறது. ஈரத்துணி சுற்றி ஒரு பெட்டி அனுப்புகிறேன். மூன்று மாதம் இதை மட்டும் சாப்பிடு. காலிப் பெட்டியில் கடிதம் போட்டு அனுப்பு. என்ன மாற்றம் தெரிகிறது என்று எழுது. ஊர் சிரித்தால் சிரிக்கட்டும். நீயும் நம்பாவிட்டால் நான் யாரிடம் போய் நிற்பது?

உன் தம்பி

*

ஜனவரி 30

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். நானும் உன் மருமகளும் நலம். டீச்சரைக் கேட்டதாகச் சொல். இரவில் நன்றாகத் தூங்குகிறாயா?

மூன்று பெட்டியும் வந்து சேர்ந்தன. லாரிக்காரர் மாடி ஏறமாட்டேன் என்று கீழேயிருந்து கத்த, தெருவுக்கே தெரிந்துவிட்டது உன் கீரையின் வரவு. அந்த பீட்ரூட்டை வெட்டியபோது கத்தி, பலகை, விரல் எல்லாம் சிவந்து, கொலை நடந்த வீடு மாதிரி ஆகிவிட்டது. பூசணி பற்றிக் கேட்காதே. ஒரு ஆள் கனம்.

சொன்னபடி சாப்பிடுகிறேன். தையற்கூடத்தில் மதியம் டப்பாவைத் திறந்தால் நாலு பேர் எட்டிப் பார்க்கிறார்கள். எனக்கு மயக்கம் வருவது நின்றுவிட்டது. நாற்பது அடுக்குத் துணியை ஒரே மூச்சில் வெட்டி முடிக்கிறேன். வெளுத்திருந்த உதட்டில் நிறம் வந்திருக்கிறது. கால் வீக்கம் பாதி வடிந்துவிட்டது. நுழையாமல் ஒதுக்கி வைத்திருந்த பழைய செருப்பு திரும்ப நுழைகிறது.

தழைதின்னி என்றால் என்ன, அந்தச் சலூன்காரர் வீட்டுக்கும் ஒரு கட்டு கீரை அனுப்பு. வாய் அடங்கிவிடும். நீ சின்ன வயதில் கீரையைக் கண்டால் கட்டிலுக்கு அடியில் ஒளிந்தவன். இன்றைக்கு ஊருக்கே ஊட்டுகிறாய். எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறதடா.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

பிப்ரவரி 19

என் அக்காவுக்கு,

சுகமா? சுகம்தான் என்று உன் கடிதமே சொல்லிவிட்டது. இருந்தாலும் கேட்காவிட்டால் கோபித்துக்கொள்வாய்.

கடையில் நின்றுகொண்டே வாசித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்போது வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா பயந்துபோய் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதா என்று கேட்டார். இல்லைம்மா, என் அக்காவுக்குக் கால் வடிந்துவிட்டது என்று சொல்லி முழுவதையும் வாசித்துக் காட்டினேன். அவர் போய் நாலு பேரிடம் சொல்ல, மறுநாள் பதினைந்து பேர். எல்லோருக்கும் வாசிக்கத் தொண்டை இல்லை. ஆகையால் கண்ணாடிச் சட்டம் போட்டு, தராசுக்கு மேலே சுவரில் மாட்டிவிட்டேன். மேலே "என் கூடப்பிறந்தவள் எழுதியது" என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

அக்கா, விளம்பரம் என்று யாரும் நினைக்கவில்லை. கொலை நடந்த வீடு என்ற இடத்தில் எல்லோரும் சிரிக்கிறார்கள். பொய் எழுதுகிறவள் இப்படி எழுதமாட்டாள் என்று சலூன்காரரே சொன்னார். அவர் இப்போது வாரம் இரண்டு கட்டு வாங்குகிறார்.

இந்த வாரத்திலிருந்து உனக்குப் பெரிய பெட்டி. தக்காளியும் சர்க்கரைவள்ளியும் கூடுதல். ஒரு இலை வீணாக்கக்கூடாது.

தம்பி

*

மார்ச் 2

டீச்சருக்கு,

உன் நாத்தனார் எழுதுகிறேன். நலமாக இருக்கிறாயா? பள்ளிக்கூட விலாசத்துக்கு எழுதுகிறேனே என்று திகைக்காதே. இது உன் கண்ணுக்கு மட்டும்.

எனக்கு இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து பதினைந்து சதவீதம்தான் வேலை செய்கிறதாம். தம்பியின் முதல் பெட்டி வருவதற்கு ஒரு வாரம் முன்பே டாக்டர் சொல்லிவிட்டார். கால் வடிந்தது கீரையால் அல்ல, நீர் பிரிய அவர் கொடுத்த மாத்திரையால். இன்னும் இரண்டு மாதத்தில் ரத்தம் சுத்தம் பண்ணும் மிஷினில் படுக்கவேண்டியிருக்கும் என்கிறார்.

சாப்பிடக்கூடாதவை என்று ஒரு தாள் கொடுத்தார். வாசித்தால் தம்பியின் கரும்பலகையை வாசிப்பதுபோல இருக்கிறது. கீரை, பீட்ரூட், தக்காளி, பூசணி, சர்க்கரைவள்ளி, பருப்பு. அதில் இருக்கிற பொட்டாசியம் என்ற சத்தை என் சிறுநீரகத்தால் வெளியே தள்ள முடியாதாம். ரத்தத்தில் ஏறினால் இதயம் நின்றுவிடுமாம். "மத்தவங்களுக்கு அமிர்தம்மா, உங்களுக்கு விஷம்" என்றார். நான் சாப்பிடுவது வெள்ளைச் சோறும், இரண்டு தடவை தண்ணீர் கொட்டி வேகவைத்த கோஸும்தான். தம்பி பார்த்தால் சக்கை என்பான்.

பெட்டியை எங்கள் தையற்கூடத்தில் பொத்தானுக்குக் காஜா எடுக்கிறவளுக்குக் கொடுத்துவிடுகிறேன். அவளுக்கும் மூன்று குழந்தைகளுக்கும் ரத்தமே இல்லாமல் இருந்தது. இப்போது மயக்கம் நின்று, உதட்டில் நிறம் வந்திருக்கிறது. நான் எழுதியது அவள் உடம்பை. பெட்டி வரும் நாளெல்லாம் என் மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள். "மாமா பெட்டிய பாத்தா உனக்கு வாய் ஊறுது, எனக்கு வயிறு எரியுதும்மா" என்கிறாள்.

ஏன் உண்மையை எழுதவில்லை என்று கேட்பாய். முன்பு அவன் அச்சகம் வைத்தபோது, இது உனக்கு ஒத்துவராது என்று முகத்துக்கு நேரே சொன்னவள் நான். அச்சகம் போனபிறகு ஆறு மாதம் அவன் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தது உனக்குத்தான் தெரியும். இந்த முறை என் வாயால் அது வரவேண்டாம் என்று நினைத்தேன். கடிதத்தை ஊர் பார்க்க மாட்டுவான் என்று கண்டேனா?

ஏதாவது சாக்குச் சொல்லி அதைக் கழற்றிவிடு. கண்ணாடி உடைந்துவிட்டது என்று சொல். உன்னை நம்பியிருக்கிறேன்.

அன்புடன்,
நாத்தனார்

*

ஏப்ரல் 11

அண்ணி அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் உடம்பு இப்போது எப்படி இருக்கிறது? நேரத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா? பரீட்சைத் தாள் திருத்தும் வேலை இருந்ததால் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மன்னிக்க வேண்டும்.

தாமதத்துக்குக் காரணம் பரீட்சை அல்ல. நாற்பது நாளில் நான்கு தடவை ஸ்டூலைப் போட்டு ஏறினேன், அண்ணி. நான்கு தடவையும் இறங்கிவிட்டேன்.

கடையில் இப்போது காலை ஏழு மணிக்கே வரிசை நிற்கிறது. உங்கள் தம்பி படுத்தால் தூங்குகிறார். சாப்பிடும்போது பேசுகிறார். குளியலறையில் பாடுகிறார், கேட்கத்தான் சகிக்கவில்லை. அந்த ஆறு மாதம், அவர் தனியாக ஏறிவிடக்கூடாது என்று, மொட்டைமாடிக் கதவுச் சாவியை நான் இடுப்பிலேயே முடிந்து வைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தும்போதும் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். இதை உங்களிடம்கூட அப்போது சொல்லவில்லை. அந்தக் கடிதத்தைக் கழற்றினால் மறுபடி நான் சாவியைத் தேடவேண்டும்.

ஒரு கடிதத்தால் யாருக்கு என்ன கெடுதல்? கேரட் தின்று யாரும் சாகவில்லை. நீங்களே எழுதினீர்களே, காஜா எடுப்பவருக்கு ரத்தம் ஊறியது என்று. அப்படியானால் கடிதம் முழுப்பொய் இல்லை.

ஒன்று மட்டும். உங்கள் மகள் முன்பு ஒருமுறை மிஷின் என்று ஏதோ போனில் சொன்னதை நான் வாய்தவறி அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் அதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார். அடுத்த கடிதத்தில் அவர் மனம் ஆறும்படி நீங்கள் ஒரு வரி எழுதினால் நன்றாக இருக்கும்.

வணக்கத்துடன்,
உங்கள் தம்பி மனைவி

*

ஏப்ரல் 26

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். நீ நலமா? கடையில் வரிசை நிற்கிறதாமே, டீச்சர் எழுதியிருந்தாள். கூட்டத்தில் உன் சாப்பாட்டை மறந்துவிடாதே.

மிஷின் பற்றி நீ கவலைப்படுவதாகக் கேள்விப்பட்டேன். சிறுநீரகம் கொஞ்சம் பழுது, மிஷின் வைக்கவேண்டியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னது உண்மைதான். அதெல்லாம் போன வருடத்துப் பேச்சு. இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எல்லாம் உன் பெட்டியின் புண்ணியம். மாடிப்படியில் உட்காராமல் ஏறுகிறேன்.

தம்பி, ஒன்று சொல்கிறேன் கேள். ஒருத்தர் உடம்பு மாதிரி இன்னொருத்தர் உடம்பு இருக்காது. எனக்கு ஒத்துக்கொண்டது எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளும் என்று சொல்லமுடியாது. கடைக்கு வருகிறவர்களில் வியாதிக்காரர்கள் இருந்தால், டாக்டரைக் கேட்காமல் எதையும் சாப்பிடவேண்டாம், எதையும் நிறுத்தவேண்டாம் என்று சொல். இதை நீ கட்டாயம் சொல்லவேண்டும்.

அக்கா

*

ஏப்ரல் 26

டீச்சருக்கு,

நலம்தானே. நீ கேட்ட வரியை எழுதி அனுப்பிவிட்டேன்.

நேற்றுத்தான் முதல் தடவையாக மிஷினில் படுத்தேன். நான்கு மணி நேரம். கையில் இரண்டு ஊசி, ஒன்றில் ரத்தம் போகிறது, ஒன்றில் வருகிறது. பக்கத்துக் கட்டில்காரர் குறட்டை விட்டுத் தூங்கினார். எனக்கு அழுகையாக வந்தது. இனிமேல் வாரம் இரண்டு நாள். தையற்கூடத்தில் என் கத்திரியை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள்.

கடிதத்தின் கடைசிப் பத்தியை அவன் விடாமல் வாசிக்கும்படி பார்த்துக்கொள்.

நாத்தனார்

*

மே 28

என் அருமை அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் இரண்டாவது கடிதத்தையும் முதலாவதுக்குப் பக்கத்திலேயே மாட்டிவிட்டேன். சட்டத்தில் இடம் போதாமல் கடைசிப் பத்தியை மட்டும் பின்பக்கம் மடித்துவிட்டேன். அது பொதுவான புத்திமதிதானே.

இனி ஒரு நல்ல சேதி. எங்கள் கடைக்கு எதிரே பூட்டும் சாவியும் ரிப்பேர் பண்ணும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். எந்தப் பூட்டையும் காதை வைத்தே திறந்துவிடுவார். அவருக்கும் உன்னைப்போலவே சிறுநீரகம். மூன்று வருடமாக வாரம் மூன்று நாள் மிஷினில் படுத்து, ஆள் கருத்துச் சுருங்கிப்போனார். இந்த மாத ஆரம்பத்தில் கடைக்கு வந்தவர், உன் கடிதத்தை அரைமணி நேரம் நின்று வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்ப வாசித்தார். "அந்தம்மாவுக்கு மிஷின் வேணாம்னுட்டாங்களா? நெசமா?" என்று கேட்டார். என் அக்கா பொய் சொல்லமாட்டாள் என்றேன்.

மிஷினை விட்டுப் பன்னிரண்டு நாள் ஆகிறது, அக்கா! தினமும் காலையிலும் மாலையிலும் கீரையையும் பீட்ரூட்டையும் தக்காளியையும் நானே அரைத்து ஒரு செம்பு கொடுக்கிறேன். ஒரு சொட்டு மிச்சம் வைப்பதில்லை. கொஞ்சம் அசதியாக இருக்கிறது என்கிறார். விஷம் வெளியேறும்போது அப்படித்தான் இருக்கும். மூன்று வருடத்துக்குப் பிறகு வாய்க்கு ருசியாகச் சாப்பிடுகிறேன் என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

உன்னை ஒருமுறை பார்க்கவேண்டுமாம். நன்றி சொல்லவேண்டுமாம்.

தம்பி

*

மே 29

தம்பி,

நலம் விசாரிக்க நேரமில்லை. இதைப் படித்து முடித்ததும் எதிர்க்கடைக்கு ஓடு. பெரியவரை இன்றைக்கே, இந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ. மிஷினில் போடச் சொல். அந்தச் சாற்றை ஒரு மடக்குகூடக் கொடுக்காதே.

நான் எழுதியது பொய். இரண்டு கடிதமும் பொய். எனக்குச் சிறுநீரகம் போய்விட்டது. ஒரு மாதமாக நான் மிஷினில்தான் படுத்து எழுந்திருக்கிறேன். உன் பெட்டியிலிருந்து ஒரு இலைகூட நான் தின்றதில்லை. தின்றிருந்தால் இதை எழுத இருக்கமாட்டேன். அதைத் தின்று தேறியவள் எங்கள் காஜாக்காரி. அவளுக்கு நல்ல சிறுநீரகம் இருக்கிறது.

பொட்டாசியம் ஏறினால் வலிக்காது, காய்ச்சல் வராது. அசதியாக இருக்கும். பிறகு இதயம் நின்றுவிடும். அசதியாக இருக்கிறது என்று அவர் சொன்னதாக நீயே எழுதியிருக்கிறாய்.

உன் கடிதத்தை வாசித்த உடனே டீச்சருக்குப் போன் செய்தேன். நீ தோட்டத்துக்குப் போயிருப்பதாகச் சொன்னாள். "சொல்லிடறேன் அண்ணி" என்றாள். இருந்தாலும் என் கையெழுத்தைப் பார்த்தால்தான் நீ நம்புவாய். லாரி கீழே நிற்கிறது.

என்னை எப்படி வேண்டுமானாலும் திட்டு. பிறகு திட்டு. முதலில் ஓடு.

அக்கா

*

ஜூன் 20

அண்ணி அவர்களுக்கு,

உங்கள் உடம்பு தேவலையா? இரண்டு தடவை நீங்கள் போன் செய்தபோதும், சொல்லிவிட்டேன், பெரியவர் நன்றாக இருக்கிறார் என்றேன். நான் சொல்லவில்லை. பெட்டியைப் பிரிப்பது எப்போதும் நான்தான். உங்கள் கடிதத்தை எடுத்து என் பள்ளிக்கூடப் பைக்குள் வைத்துவிட்டேன்.

பெரியவர் ஜூன் நான்காம் தேதி காலையில் இறந்துபோனார். ஒரு பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தபடியே போய்விட்டார்.

நான் சும்மா இருக்கவில்லை, அண்ணி. உங்கள் கடிதம் வந்த அன்றைக்கே அவர் கடைக்குப் போனேன். முகம் வீங்கியிருந்தது. ஏன் மிஷினுக்குப் போகவில்லை, போங்கள் என்று கெஞ்சினேன். அவர் சிரித்துக்கொண்டே, "உங்க அண்ணிக்கே வேணாம்னுட்டாங்களே டீச்சர், எனக்கு மட்டும் எதுக்கு?" என்றார். அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எங்கள் அண்ணி மிஷினில்தான் இருக்கிறார் என்று நாலே சொல். எதிரே உங்கள் தம்பி பாட்டுப் பாடிக்கொண்டு தக்காளி அடுக்குவது தெரிந்தது. வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

வகுப்பில் பிள்ளைகளைப் பொய் சொல்லாதே என்று நான் எப்படிச் சொல்வேன்? உங்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது. நீங்கள் எழுதாமல் இருந்திருந்தால் நான் மறைக்க ஒன்றும் இருந்திருக்காது. என் மேல் அதைவிட அதிகமாக வருகிறது.

இன்று காலையில் உங்கள் கடிதத்தை அவர் கையில் கொடுத்துவிட்டேன். நின்றுகொண்டே வாசித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். கீரைக்குத் தண்ணீர் தெளிக்கப் போய்விட்டார். சாவி என் இடுப்பில் இருக்கிறது.

உங்கள் தம்பி மனைவி

*

ஆகஸ்ட் 27

அக்காவுக்கு,

நலம். டீச்சர் ஒரு மாதமாக அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். அவளும் நலமாக இருப்பாள்.

நீ ஜூலையில் எழுதிய நான்கு கடிதங்களும் கிடைத்தன. நான் பிரிக்கவில்லை. முதலில் வந்ததே போதும்.

யோசித்துப் பார்த்தேன். பெரியவருக்கு வயது எழுபத்தொன்று. மூன்று வருடமாக மிஷின் அவரை உறிஞ்சிவிட்டது. நம்மிடம் வரும்போது மிச்சம் என்ன இருந்தது? கடைசிப் பத்தொன்பது நாள் மனிதர் சந்தோஷமாகச் சாப்பிட்டார். அவர் மகளே வந்து கையெடுத்துக் கும்பிட்டாள். ஊசியோடு சாகாமல் தன் ஸ்டூலில் உட்கார்ந்து போனார் என்றாள். இப்போது அவளே பூட்டுக்கடையைப் பார்த்துக்கொள்கிறாள். அவள் மாமியாருக்கும் கால் வீக்கமாம். காலையில் அந்த அம்மாளுக்கும் ஒரு செம்பு சாறு வாங்கிப்போகிறாள். மாத்திரையெல்லாம் நிறுத்திவிட்டார்களாம்.

என் சர்க்கரை இறங்கியதா இல்லையா? உன் காஜாக்காரிக்கு ரத்தம் ஏறியதா இல்லையா? அது பொய்யா? டாக்டர்கள் உன்னைப் பயமுறுத்திக் கட்டிலில் கட்டிவைத்திருக்கிறார்கள். உன் மேல் எனக்கு வருத்தமில்லை.

இரண்டுமே உன் கையெழுத்துதான். சுவரில் இருக்கிற கடிதத்தில் என் அக்கா இருக்கிறாள். என் சட்டைப்பையில் இருந்ததில் டாக்டர்தான் இருக்கிறார். நான் என் அக்காவைத்தான் நம்புவேன். அந்தக் கடிதத்தைக் கழற்றினால் ஒரு மனிதனை என் கையால் சாறு அரைத்துக் கொடுத்துக் கொன்றவன் ஆகிவிடுவேன். அதை என்னால் தாங்க முடியாது. உனக்கே தெரியும், முடியாது.

பெட்டி வியாழக்கிழமை வரும். ஒரு இலை வீணாக்காதே.

தம்பி

*

ஆகஸ்ட் 30

பெறுநர்: பூட்டு ரிப்பேர் கடை, பத்து மைல் கடைக்கு எதிரே

அம்மா,

நீங்கள் என்னைப் பார்த்ததில்லை. நலமா என்று உங்களைக் கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆனால் உங்கள் மாமியார் நலமாக இருக்கிறாரா என்று கேட்கவே இதை எழுதுகிறேன். எதிர்க்கடைச் சுவரில் தராசுக்கு மேலே மாட்டியிருக்கும் இரண்டு கடிதங்களையும் எழுதியவள் நான்.

அவற்றில் இருப்பது பொய். என் தம்பி அல்ல பொய் சொன்னது, நான். அவன் அப்போது அதை முழுமனதாக நம்பித்தான் உங்கள் அப்பாவுக்குக் கொடுத்தான். அவன் மனம் நோகக்கூடாது என்று நான் எழுதிய பொய்யை உங்கள் அப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வாசித்திருக்கிறார்.

உங்கள் மாமியாரை இன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். கால் ஏன் வீங்குகிறது என்று ரத்தத்தைச் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை அந்தச் சாற்றைக் கொடுக்காதீர்கள். நிறுத்திய மாத்திரையை உடனே டாக்டரிடம் காட்டுங்கள். உங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கு அந்தக் கடைக் காயைத் தாராளமாகக் கொடுங்கள். அதைப்போல நல்ல காய் எங்கேயும் கிடைக்காது. காயின் மேல் ஒரு குற்றமும் இல்லை.

இதைப் படித்துவிட்டு எதிர்க்கடைக்குப் போய் என் தம்பியை நீங்கள் கேட்பீர்கள். அவன் அந்த இரண்டு கடிதங்களையும் காட்டுவான். மடித்திருக்கும் பின்பக்கத்தைப் பிரித்து வாசியுங்கள். அவனிடம் கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். வீட்டில் அவன் இப்போது தனியாக இருக்கிறான்.

அதற்குப் பிறகும் எதை நம்புவது என்று தெரியாவிட்டால் நேரில் வந்து பாருங்கள். இப்போது எனக்கு வாரம் மூன்று நாள். செவ்வாய், வியாழன், சனி. ஆஸ்பத்திரி விலாசத்தை மறுபக்கம் எழுதியிருக்கிறேன். இரண்டாம் மாடி, ஜன்னலோரம், மூன்றாவது கட்டில். நான்கு மணி நேரம் அசையாமல் படுத்திருப்பேன், எங்கேயும் ஓட முடியாது. என்ன சொல்ல வேண்டுமோ சொல்லுங்கள். என் பேச்சைக் கேட்டு உங்கள் அப்பா எந்த மிஷினை விட்டாரோ, அந்த மிஷினில் படுத்துத்தான் நான் உயிரோடு இருக்கிறேன்.

கடிதம் எழுதியவள்